பிள்ளையின் பங்கு: மணவிலக்குக்குப் பின் நஃபகா – ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

மணவிலக்கு ஏற்படும்போது நம் ஜமாஅத்துகளில் மஹ்ர் கணக்கிடப்படுகிறது. நகைகள் எடை போடப்படுகின்றன. சீர்ப் பொருட்களின் பட்டியல் வாசிக்கப்படுகிறது. இறுதியில் இரு தரப்பும் கையொப்பமிடும் தாளில் பிள்ளைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். ‘பிள்ளை தாயிடம் இருக்கும், தந்தைக்கு இனி எந்தப் பொறுப்பும் இல்லை’ என்றோ, ஒரு தொகையை ஒரேயடியாகக் கொடுத்து ‘இத்துடன் தீர்ந்தது’ என்றோ அந்த வரி முடிகிறது. இவ்வாறு எழுதும் உரிமை பெற்றோருக்கு உண்டா? பிள்ளையின் செலவில் தந்தையின் பங்கு எவ்வளவு, தாயின் பங்கு எவ்வளவு, அதை அளப்பது எதைக் கொண்டு? இவை இன்று தோன்றிய வினாக்கள் அல்ல. முஸ்லிம் சமுதாயம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இவற்றுக்கு விடை தேடி வந்திருக்கிறது.

மதீனாவில் இடப்பட்ட அடித்தளம்

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனமும், 65ஆம் அத்தியாயத்தின் 6, 7ஆம் வசனங்களும் இச்சட்டத்தின் வேர்கள். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை. மணவிலக்குப் பெற்ற தாய் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தை அவர் கொடுக்க வேண்டும். வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், வருவாய் சுருங்கியவர் அதற்கேற்பவும் செலவிட வேண்டும் என்பதே இவ்வசனங்களின் கருத்து. பிள்ளையைக் காரணமாக்கித் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்ற எச்சரிக்கை இவற்றோடு சேர்ந்தே வருகிறது. பிரிந்தவர்களிடையே நீதி என்பது இருபக்கக் கூர்மையுடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அளவு எது என்ற வினாவுக்கு வழிகாட்டியது ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்களின் முறையீடு. தம் கணவர் அபூ ஸுஃப்யான் (ரலி) தமக்கும் பிள்ளைகளுக்கும் போதிய அளவு தருவதில்லை என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கூறினார். ஊர் வழக்கத்தின்படி அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான அளவைக் கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இச்செய்தி ‘கிஃபாயா’, அதாவது போதுமை என்னும் அளவுகோலைத் தந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் மனைவியின் உணவுச் செலவு முத்து என்னும் முகத்தலளவால் வரையறுக்கப்பட்டது: வசதியுள்ளவர் இரண்டு, நடுத்தரமானவர் ஒன்றரை, ஏழை ஒன்று. பிள்ளையின் செலவுக்கோ அவ்வாறு எண் விதிக்கப்படவில்லை. தேவை எவ்வளவோ அவ்வளவே அளவு. முஸ்லிம் நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், மனைவியின் செலவுக்கு அளவு விதித்த தம் மத்ஹபினரின் கருத்துக்கு இந்த நபிமொழியே மறுப்பாக அமைகிறது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தம் சொந்த மத்ஹபைக் குறித்தும் உண்மையைச் சொல்லத் தயங்காத அறிஞர் மரபு அது.

குபாவில் ஒரு சிறுவன்

கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்வொன்றை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிகளைச் சேர்ந்த தம் மனைவியைப் பிரிந்திருந்தார்கள். ஒரு நாள் குபாவுக்குச் சென்றபோது, பள்ளிவாசல் முற்றத்தில் தம் மகன் ஆஸிம் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவனைத் தூக்கி வாகனத்தில் தமக்கு முன்னே அமர்த்திக்கொண்டார்கள். பின்தொடர்ந்து வந்த பாட்டி, பிள்ளையை விட மறுத்தார். வழக்கு கலீஃபாவிடம் சென்றது. இருவரும் ‘என் பிள்ளை’ என்றே வாதிட்டனர். பிள்ளையை அவரிடமே விட்டுவிடுமாறு அபூபக்ர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) மறுசொல் பேசவில்லை.

பிள்ளை எவரிடம் வளர்வது, பிள்ளைக்கு எவர் செலவிடுவது என்ற இரண்டையும் ஃபிக்ஹு அறிஞர்கள் தனித்தனி உரிமைகளாகவே பிரித்து வைத்தனர். ஹளானா எனப்படும் வளர்ப்புரிமை தாயிடம் இருக்கும்போதும் நஃபகா தந்தையின் பொறுப்பிலேயே இருக்கும். ‘பிள்ளை என்னிடம் இல்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று இன்று கேட்கும் தந்தைக்கு, அந்தப் பிரிப்பிலேயே விடை இருக்கிறது. ‘பணம் வரவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்று சொல்லும் தாய்க்கும் அதே விடைதான். ஒன்றை மற்றொன்றுக்குப் பிணையாக வைத்தால் தண்டனை அனுபவிப்பது பிள்ளை மட்டுமே.

காழியின் பதிவேடு

சட்டம் நூலில் இருப்பது வேறு, பசித்த பிள்ளைக்கு உணவாக மாறுவது வேறு. இந்த இடைவெளியைக் காழி மன்றங்கள் எவ்வாறு நிரப்பின என்பதை உஸ்மானியர் காலத்து ஜெரூசலம், நாப்லுஸ், டமாஸ்கஸ் நகரங்களின் பதிவேடுகள் காட்டுகின்றன. அக்காலப் பதிவேடுகளையும் ஃபத்வாக்களையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜூடித் டக்கர் 1998இல் வெளியிட்ட நூல் இத்துறையில் நன்கு அறியப்பட்டது.

ஒரு சிக்கலை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நஃபகா தேவையை நிறைவேற்றுவதற்கானது. கடந்த மாதத்துத் தேவை எப்படியோ கழிந்துவிட்டால், அதைக் கடனாகப் பின்னர் கேட்க இயலாது என்பது ஃபிக்ஹின் பொது விதி. காழி தொகையைத் தீர்மானித்திருந்தால் நிலை வேறு. ஆகவே தாய்மார் தாமதியாமல் மன்றத்துக்கு வந்தனர். காழி, பிள்ளைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தொகையை விதிப்பார். தந்தை ஊரில் இல்லையெனில், அவர் பெயரில் கடன் வாங்கிச் செலவிடத் தாய்க்கு அனுமதியும் அளிப்பார். தந்தை திரும்பியதும் அக்கடன் அவர் தலையில் நிற்கும். பதிவேட்டில் இரண்டு மூன்று வரிகளே; ஆனால் அந்த வரிகளை நம்பிக் கடைக்காரர் மாவும் எண்ணெயும் கடனாகக் கொடுக்க முடிந்தது. விலைவாசி உயர்ந்தாலோ பிள்ளை வளர்ந்தாலோ தொகையைத் திருத்தவும் இடமிருந்தது.

தந்தை ஏழையாயின் என்ன செய்வது? தாய் வசதியுள்ளவராக இருப்பின் அவரைச் செலவிடுமாறும், அது தந்தையின் மீது கடனாக இருக்குமாறும் ஹனஃபி அறிஞர்கள் கூறினர். குலா பெறுவதற்காக, பிள்ளையின் செலவை நானே ஏற்கிறேன் என்று தாய் வாக்களிப்பதும் அக்காலத்தில் வழக்கில் இருந்தது. பின்னர் அவர் வறுமையுற்றால் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா? இல்லை. தந்தை கொடுக்கக் கட்டாயப்படுத்தப்படுவார். தாயின் வாக்கு அவர் மீது கடனாகத் தொடரும். பெற்றோர் தமக்குள் எதைப் பேசி முடித்தாலும், பிள்ளையின் உணவு அந்தப் பேரத்தில் கரைந்துபோகலாகாது என்பதே இதன் அடிப்படை.

இந்தியாவில் நேர்ந்த திருப்பம்

ஆங்கிலேய அரசின் 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் காழிகளின் அரசுப் பதவிகளை நீக்கியது. காழி என்ற பெயர் நிலைத்தது; தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் போயிற்று. அறிவுரை கூறலாம், கட்டாயப்படுத்த இயலாது என்ற நிலையே நம் ஜமாஅத்துகளுக்கு மரபாக வந்தது. இலங்கையிலோ 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்கள் பிள்ளைப் பராமரிப்புக்குக் கட்டளையிடுகின்றன. கொடுக்கத் தவறினால் நீதவான் நீதிமன்றம் வழியே அறவிடப்படுகிறது.

இந்தியாவில் அந்த இடத்தை நிரப்பியது குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மாதம் 50 ரூபாயை உச்சவரம்பாக வைத்தது. 1955இல் அது 500 ரூபாயாயிற்று. 1973இல் புதிய சட்டத்தின் 125ஆம் பிரிவாக மாறிய பின்னும் அதே 500 ரூபாய் நீடித்தது; 2001இல்தான் வரம்பு நீக்கப்பட்டது. நாற்பத்தாறு ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது, அந்த எண் மட்டும் அசையவில்லை. நம் முன்னோரிடம் போதுமை என்னும் வளைந்துகொடுக்கும் அளவுகோல் இருந்தது. நிறைவேற்றும் கரம் வெட்டப்பட்டிருந்தது. அரசிடம் கரம் இருந்தது, அளவுகோல் உறைந்திருந்தது. இடையில் நின்றவர்கள் பிள்ளைகள்.

மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டாண்டுக் காலத்துக்குத் தாய்க்குரிய பராமரிப்பைக் குறிப்பிடுகிறது. இதைக் காட்டி, இரண்டு வயதுக்குப் பின் பிள்ளைக்கே கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிட்ட தந்தையரும் இருந்தனர். நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. தாயின் உரிமை வேறு, பிள்ளைகளின் உரிமை வேறு. பிள்ளைகள் பருவமடையும் வரை அல்லது தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வரை, பெண்பிள்ளைகளாயின் திருமணம் வரை, தந்தையின் கடமை தொடரும் என்று தீர்ப்பளித்தது. ஹனஃபி நூல்கள் கூறுவதற்கு இது மிக நெருக்கமானது. மார்க்கத்தின் பெயரால் பொறுப்பைத் துறக்க முயன்றவருக்கு, மார்க்கம் சொன்னதையே நீதிமன்றம் நினைவூட்ட நேர்ந்தது நமக்கு வெட்கத்துக்குரியது.

2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், இரு தரப்பினரும் தம் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. வசதிக்கேற்பச் செலவிடுக என்னும் இறைக்கட்டளை நடைமுறைக்கு வர, வசதி எவ்வளவு என்று உண்மையாகச் சொல்லும் நாணயம் முதலில் வேண்டும். வருமானத்தை மறைக்கும் தந்தையும், தேவையை மிகைப்படுத்தும் தாயும் அங்கேயே தவறிவிடுகின்றனர்.

நம் தாளில் எழுத வேண்டியது

ஜமாஅத்துகளுக்கு இவ்வரலாறு தரும் பாடம் எளியது. பிரிவினை ஒப்பந்தத்தில் பிள்ளையின் நஃபகாவுக்குத் தனிப் பத்தி இருக்கட்டும். மாதத் தொகை, கொடுக்கும் தேதி, கல்வி மற்றும் மருத்துவச் செலவின் பொறுப்பு, ஆண்டுதோறும் மறுபரிசீலனை, தந்தை பிள்ளையைக் காணும் நாட்கள் ஆகியவை அதில் எழுதப்படட்டும். ‘இத்துடன் தீர்ந்தது’ என்ற சொல் அங்கே வேண்டாம். பிள்ளையின் தேவை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கிறது. பிறவாத நாளின் உரிமையைத் தள்ளுபடி செய்ய எவருக்கும் அதிகாரமில்லை. தொகையைக் கொடுக்க இயலாதபடி தந்தை தொழிலிழந்திருந்தால், அவரை இழிவுபடுத்தாமல் உறவினரும் பைத்துல்மாலும் கைகொடுக்கட்டும்.

கணவன் மனைவி என்ற உறவு முறியலாம். தந்தை, தாய் என்ற உறவுக்கு மணவிலக்கு இல்லை. தம் பொறுப்பிலுள்ளோரை வீணாக்குவது ஒருவருக்குப் பாவமாகப் போதும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த எச்சரிக்கைக்கு ஆளாகாமல் நம்மைக் காத்து, பிரிவிலும் நீதி தவறாதோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.