இரைப்பை அனுப்பும் செய்தி

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றன. ரமலானில் சஹர் உண்டுவிட்டு வேலைக்குச் செல்வோருக்கு நண்பகலில் வயிறு கிள்ளும். சற்று நேரத்தில் தானே அடங்கும். நோன்பாளிகள் பலரும் அறிந்த அனுபவம் இது. உண்ணாமலேயே பசி எவ்வாறு அடங்குகிறது?

1912-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன், தம் மாணவர் வாஷ்பர்னை ரப்பர் பலூன் ஒன்றை விழுங்கச் செய்து சோதித்தார். இரைப்பை சுருங்கும் நேரமும் பசி உணரும் நேரமும் ஒத்திருந்தன. சுருக்கமே பசி என்று அவர் கருதினார். ஆனால் இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கும் பசி எடுத்ததால் அக்கருத்து முழுமை பெறவில்லை.

1996-இல் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் ஓர் ஏற்பி கண்டறியப்பட்டது. பூட்டு கிடைத்தது, திறவுகோல் எங்கே? 1999-இல் ஜப்பானைச் சேர்ந்த கோஜிமாவும் கங்காவாவும் அதனை எலியின் இரைப்பையில் கண்டெடுத்தனர். 28 அமினோ அமிலங்களால் ஆன அந்த ஹார்மோனுக்கு 'கிரெலின்' எனப் பெயரிட்டனர். உணவு வேளைக்கு முன் இரத்தத்தில் இது உயர்ந்து, உண்டபின் தாழ்வது 2001-இல் தெரியவந்தது.

நோன்பாளியின் அனுபவத்திற்கு விளக்கம் 2005-இல் வந்தது. ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தவர்களிடமும் வழக்கமான உணவு வேளைகளில் கிரெலின் உயர்ந்தது. உணவின்றியே பின்னர் தாழ்ந்தது. நண்பகல் பசியில் ஒரு பகுதி வழக்கத்தின் குரலே.

2002-இல் வெளிவந்த ஆய்வொன்று நம் இல்லங்களுக்கு முக்கியமானது. உணவைக் குறைத்து உடல் மெலிந்தவர்களிடம் கிரெலின் முன்னைவிட உயர்ந்திருந்தது. ஆகவே மெலிந்தவர் மீண்டும் பருத்தால், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று நாம் ஏளனம் செய்வது அநீதி. அவர் தம் உடலோடு போராடியவர். அதே ஏற்பியைத் தூண்டும் அனமோரெலின் என்னும் மருந்துக்கு, புற்றுநோயால் மெலிந்தோருக்காக ஜப்பான் 2021-இல் ஒப்புதல் அளித்தது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பசி இறைவன் உடலில் வைத்த அடையாளம். அதை அளவோடு ஆள்வது நம் பொறுப்பு. நம் பசி மஃரிபோடு முடிகிறது. உணவற்றோரின் பசிக்கு அப்படியொரு பாங்கோசை இல்லை. அவர்களுக்கு உணவளிக்கும் மனத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.