தாள் சொன்ன சாட்சி

கொலை, கொள்ளை, மாயமாய் மறைந்த மங்கை, இவையின்றி மர்மக் கதை இல்லை என்று எண்ணுவோர் உண்டு. பதிப்பகத்தின் மேசைமேலும் மர்மம் குந்தியிருக்கும் என்று காட்டினர் ஆங்கில எழுத்தாளர் சிலர். கவிஞர் சி. டே லூயிஸ், நிக்கலஸ் பிளேக் என்ற புனைபெயரில் 1957-இல் ஒரு புதினம் எழுதினார். தளபதி ஒருவரின் தன்வரலாற்றிலிருந்து நீக்கப்பட்ட அவதூறு வரிகள், யாரோ செய்த சதியால் அச்சில் மீண்டும் தலைகாட்டுகின்றன. துப்பறிய வந்தவர் கொலையைச் சந்திக்கிறார். 1994-இல் பி. டி. ஜேம்ஸ், தேம்ஸ் ஆற்றங்கரைப் பதிப்பகம் ஒன்றிலேயே பிணத்தைக் கிடத்தினார். சுவையான கற்பனைகள்தாம்! ஆயினும், இவற்றை விஞ்சும் உண்மை நிகழ்ச்சி 1934-இல் இலண்டனில் நடந்தது. அங்கே பிணமில்லை, கத்தியில்லை. பழந்தாள் இருந்தது, ஐயம் கொண்ட இரண்டு இளைஞர்கள் இருந்தனர்.

யார்மீது ஐயம்? தாமஸ் ஜேம்ஸ் வைஸ்மீது! 1859-இல் பிறந்தவர்; வாசனை எண்ணெய் வணிகத்தில் எழுத்தராய் இருந்து செல்வரானவர்; அரிய நூல்களைத் திரட்டி ‘ஆஷ்லி நூலகம்’ கண்டவர். நூலியல் கழகத்தின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் சிறப்புப் பட்டம் வழங்கிற்று. ‘இது முதற்பதிப்பு’ என்று வைஸ் சொன்னால் போதும், அட்டவணைகள் தலையாட்டும், செல்வர்களின் பணப்பை திறக்கும்.

அவர் போற்றிய அரும்பொருள்களுள் ஒன்று எலிசபெத் பேரட் பிரவுனிங்கின் காதற்பாக்கள் அடங்கிய சிறு நூல். ‘ரெடிங், 1847’ என்று முகப்பில் பொறித்திருந்தது. பாக்கள் உலகறிய வெளிவந்தது 1850-இல்தான். அப்படியானால் இது மூன்றாண்டு மூத்தது! இதற்கொரு கதையும் இருந்தது. கணவன் சட்டைப் பையில் கவிதைக் கட்டைத் திணித்துவிட்டு நாணி ஓடினாளாம் கவிக்குயில். பிறகு ரெடிங் அருகே வாழ்ந்த தோழி மிட்ஃபோர்டு அம்மையார் அதைத் தனியே அச்சிட்டாராம். 1894-இல் எட்மண்ட் காஸ் என்ற திறனாய்வாளர் இதை எழுதிவைத்தார். கல்லூரியில் நானும் இதனைச் சுவை சொட்டச் சொல்லக் கேட்டதுண்டு. எவ்வளவு இனிய கதை! இனிமை உண்மைக்குச் சான்றாகுமா? பிரவுனிங் அந்தப் பாக்களை முதன்முதல் கண்டதே 1849-இல் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

புரட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். உள்ள நூலைப் போலி செய்தால், மூலத்தோடு ஒப்பிட்டு யாரும் பிடித்துவிடலாம். மூலமே இல்லாத நூலை எதனோடு ஒப்பிடுவது? டென்னிசன், ரஸ்கின், ஸ்வின்பர்ன், டிக்கன்ஸ் என்று புகழ்பெற்றோர் எழுத்தை எடுத்து, முந்தைய ஆண்டொன்றைப் பொறித்து, மெல்லிய ஏடுகளாக அச்சிட்டால் ‘முதற்பதிப்பு’ பிறந்துவிடுகிறது! ரஸ்கினின் முழுத் தொகுதியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிப்பித்த அறிஞர்கள், 1864 என்று பொறித்த ஓர் ஏட்டில் ரஸ்கின் 1871-இல் திருத்திய பாடமே இருக்கக் கண்டு, போலி என்று அப்போதே எழுதினர். ஊர் கேட்கவில்லை. அறிஞர் சொல் அச்சில் கிடந்தது. வைஸின் சொல் அங்காடியை ஆண்டது.

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு இருவரும் நூல் வணிகத்தில் இருந்தவர்கள். 1934-இல் ஒருவருக்கு முப்பது நிறையவில்லை. மற்றவர் அதனைச் சற்றே கடந்தவர். கார்ட்டருக்குத் துப்பறியும் கதை நூல்களைத் திரட்டுவதிலும் ஆர்வம் உண்டு; பொருத்தம்தான்! அவர்கள் முதலில் கேட்ட கேள்வி எளியது. 1847-இல் அச்சான நூல் என்றால், ஆசிரியர் கையெழுத்திட்டு நண்பருக்கு அளித்த பிரதி ஒன்றேனும் எங்கே? அந்தக் காலத்துக் கடிதத்தில் ஒரு குறிப்பேனும் எங்கே? எல்லாப் பிரதிகளும் கைபடாத புத்தம் புதியனவாய், நாற்பது ஆண்டு கழித்தே வெளிப்பட்டது எப்படி?

பிறகு தாளை நுண்ணோக்கியின்கீழ் வைத்தனர். பழைய தாள் கந்தல் துணியால் ஆனது. 1861 முதல் எஸ்பார்ட்டோ என்னும் புல் இங்கிலாந்தின் தாள் தொழிலில் புகுந்தது. வேதிமுறையில் பதப்படுத்திய மரக்கூழ் அங்கே வழங்கியது 1874-க்குப் பிறகே. 1847 என்று பறைசாற்றிய பிரவுனிங் நூலில் இருந்ததோ அந்த மரக்கூழ்! கவியரசியின் காதல் நூல், இன்னும் உருவாகாத தாளில் அச்சாகியிருந்தது!

அடுத்து எழுத்துரு. ஆங்கில ‘எஃப்’ எழுத்தின் தலை தன் அச்சுக்கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், எளிதில் உடையும். அந்த நீட்டலை ஒழித்துப் புதிதாய் வார்த்த எழுத்து, 1880-க்குப் பின் வந்தது, இந்த ஏடுகள் பலவற்றில் இருந்தது. கூடவே வேறொரு வார்ப்பிலிருந்து வந்து கலந்த கேள்விக்குறி. இந்தக் கலவை எந்த அச்சகத்தினது? விடை, 1893-இல் ஆர்னால்டின் பழைய கவிதையொன்றுக்கு வெளிவந்த மறுபதிப்பில் கிடைத்தது. அதே எழுத்து, அதே கேள்விக்குறி. அச்சகம் ரிச்சர்டு கிளே நிறுவனம் என்று பெயரும் இருந்தது. அந்த மறுபதிப்பை வெளியிட்டவர் யார்? வைஸ்தான்! அச்சகத்தின் 1911-க்கு முந்தைய கணக்கேடுகள் அழிக்கப்பட்டிருந்தன. ஆனால் வைஸிடம் முன்பு பணியாளாய் இருந்து நூல் வணிகரான கோர்ஃபின், தாம் விற்ற ஏடுகளெல்லாம் வைஸிடமிருந்தே வந்தவை என்று சொல்லிவிட்டார்.

இளைஞர்கள் நூலை வெளியிட்டனர். ‘வைஸே குற்றவாளி’ என்று ஒரு வரியும் எழுதவில்லை. சட்டத்தின் வாள் தொங்கியது. தாளையும் எழுத்தையும் அடுக்கிவைத்து, முடிவைப் படிப்பவரிடம் விட்டனர். வைஸ் இதழ்களில் சில மறுப்புகள் எழுதினார். 1917-இலேயே மறைந்துவிட்ட ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன், கீட்ஸ், ஷெல்லி பாக்களைப் பதிப்பித்த புகழாளர், அவரிடமிருந்தே ஏடுகள் கிடைத்தன என்றார். பிறகு உடல்நலத்தைக் காரணங்காட்டி வாய் மூடினார். 1937-இல் இறந்தார். செத்தவர்மீது பழி போட்ட கோழைத்தனம் என்றுதான் பலரும் எண்ணினர். ஆனால் 1945-இல் வெளியான ஓர் ஆவணத்தில், 1896-இல் அச்சிட்டதை 1871-இல் அச்சானதாக நம்பவைக்க விரும்பியதை ஃபோர்மனே தம் கையால் வைஸுக்கு எழுதியிருந்தது தெரிந்தது. புளுகனின் வாயிலும் பாதி மெய் இருந்திருக்கிறது!

ஆஷ்லி நூலகத்தை 1937-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 66,000 பவுனுக்கு வாங்கிற்று. அங்கே பணியாற்றிய டேவிட் ஃபாக்ஸன், பதினேழாம் நூற்றாண்டு நாடகப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1950களின் பிற்பகுதியில் மற்றொரு செய்தியை வெளியிட்டார். அருங்காட்சியகத்துப் பிரதிகளிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட இதழ்கள் களவு போயிருந்தன. அவற்றுள் பல, வைஸின் குறைப்பிரதிகளை நிறைவாக்கி, விலை கொடுத்து வாங்கிய ஆஷ்லி நூலகத்தோடு அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்திருந்தன.