குளிர்நாட்டில் கொங்கிறீட் ட்றைவ்வே எத்தனை வருடம் தாங்கும்?

ஒழுங்காகப் போடப்பட்டால், கனடாவின் தென் ஒன்ராறியோக் குளிரில் ஒரு கொங்கிறீட் ட்றைவ்வே 25 முதல் 30 வருடங்கள் வரை தாங்கும். நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் போகும். பிழையாகப் போடப்பட்டதோ இரண்டாவது பனிக்காலம் முடிவதற்குள்ளேயே உரியத் தொடங்கிவிடும். ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளிலேயே இந்த இரண்டையும் காணலாம்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பகுதிகளில் வீடு வாங்கியிருக்கும் எம்மவர்களில் பலர் போரினால் வீடு வளவை இழந்து வந்தவர்கள். இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய வீட்டின் முன்னால் பல ஆயிரம் டொலர் செலவழித்துக் கொங்கிறீட் போடுகிறார்கள். அது பெரிதாகப் பழுதானால் பூசி மறைப்பது நிலைக்காது. உடைத்து அள்ளிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆகவே எது அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது.

குளிர் என்ன செய்கிறது?

கொங்கிறீட் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றுக்குள் நீர் ஊறும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். இடமில்லாத துளைக்குள் பருக்கும் நீர் உள்ளிருந்தே கொங்கிறீட்டைப் பிளக்கும். ஒரு தடவை உறைவதால் பெரிய சேதம் வராது. உறைந்து, உருகி, திரும்ப உறைவதுதான் சேதம். தொடர்ச்சியாகக் கடுங்குளிர் நிலவும் இடங்களை விட, பூச்சியத்தின் மேலும் கீழுமாக வெப்பநிலை அடிக்கடி மாறும் ரொறன்ரோ போன்ற இடங்கள் கொங்கிறீட்டுக்குச் சோதனையாக இருப்பது இதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வருடம் கிடந்த சீமெந்து முற்றம் இந்தச் சோதனையை ஒருநாளும் சந்தித்ததில்லை. ஊரில் வீடு கட்டிய அனுபவம் இங்கே பாதிதான் உதவும்.

காற்றுக்குமிழி கலந்த கலவை

இதற்கான மருந்து 1930களில் அமெரிக்க வீதிகளில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. சீமெந்து அரைக்கும்போது கொழுப்புப் போன்ற பொருட்கள் சேர்க்கப்பட்ட பகுதிகள் மட்டும் குளிரில் உரியாமல் நின்றன. அந்தப் பொருள் கொங்கிறீட்டுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீர் தள்ளும் அழுத்தத்துக்கு அந்தக் குமிழிகள் இடம் கொடுத்தன. இன்று இதற்கென்றே ஒரு திரவம் கலவையில் சேர்க்கப்படுகிறது.

உறைபனியும் உப்பும் படும் ட்றைவ்வே, நடைபாதை போன்றவற்றுக்குக் கனடாவின் கொங்கிறீட் நியமமான சி.எஸ்.ஏ. ஏ23.1, 'சி-2' என்ற வகையைக் குறிப்பிடுகிறது. 28 நாளில் 32 மெகாபஸ்கால் வலிமை, சீமெந்தின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத நீர், வழமையான 20 மில்லிமீற்றர் சல்லிக் கலவைக்கு 5 முதல் 8 வீதம் காற்று என்பன அதன் முக்கிய நிபந்தனைகள். காற்றுக்குமிழி சேர்க்காத சாதாரணக் கலவையை வெளியே போட்டால், எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் அது குளிரைத் தாங்காது.

போடும் நாளில் நடக்கும் பிழைகள்

கலவை சரியாக வந்தாலும் கையாளும் விதத்தில் அதைக் கெடுக்கலாம். இழுத்துப் பரப்புவதற்கு இலகு என்று லொறியில் வைத்தே மேலும் தண்ணீர் ஊற்றுவது முதலாவது பிழை. மேலே கசிந்து நிற்கும் நீர் வற்றுமுன் தேய்ப்பதும், தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் இரண்டாவது. இவை மேற்படையைப் பலவீனமாக்கும். முதலில் உரிவது அந்தப் படைதான். ஊரில் வீட்டுத் தரைக்குச் செய்வது போலச் சீமெந்து தூவி மினுக்குவதும் வெளியே கூடாது. தும்புத்தடியால் இழுத்த சொரசொரப்பான மேற்பரப்பே குளிருக்கும் நல்லது, வழுக்காமலும் இருக்கும்.

கீழே ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் உடைகல் பரப்பி இறுக்கியிருக்க வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணின் மேல் நேரடியாகப் போட்டால் நிலம் உறைந்து மேலெழும்பிக் கொங்கிறீட்டை உடைக்கும். கார் நிற்கும் இடத்துக்கு 100 மில்லிமீற்றர் தடிப்புக் குறைந்த அளவு. பாரமான வான் நிறுத்துபவர்கள் 125 அல்லது 150 போடுவது நல்லது. வீட்டிலிருந்து தெருப்பக்கமாக மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் சரிவு வேண்டும்.

கொங்கிறீட் இறுகும்போது சுருங்கி எங்காவது வெடிக்கும். அந்த வெடிப்பு நேர்கோட்டில் வருவதற்காகவே 3 மீற்றருக்கு மேற்படாத இடைவெளியில், தடிப்பின் கால்வாசி ஆழத்துக்கு வெட்டுக் கோடுகள் இடப்படுகின்றன. போட்ட பின் 7 நாட்களாவது ஈரம் காயாமல் பாதுகாக்க வேண்டும்.

உப்பும் முதல் பனிக்காலமும்

உப்பு பனியை உருக்குகிறது. உருகிய நீர் துளைகளுக்குள் இறங்கி மறுபடி உறைகிறது. உப்புக் கூடக்கூடச் சேதமும் கூடும் என்றில்லை. ஏறத்தாழ 3 வீதம் உப்புள்ள ஐதான நீரே மேற்பரப்பை அதிகம் உரிக்கிறது. நீங்கள் உப்புப் போடாவிட்டாலும், வீதியில் நகரசபை தூவும் உப்பு காரின் அடியில் ஒட்டி வந்து உங்கள் ட்றைவ்வேயில் சொட்டும். அந்தச் சகதியை அவ்வப்போது வழித்துத் தள்ளுவது பயன் தரும்.

புதிய கொங்கிறீட்டுக்கு முதல் பனிக்காலத்தில் உப்பு எதுவும் போடக்கூடாது. வழுக்காமலிருக்க மணல் போதும். போட்ட பின் உறைபனி தொடங்குமுன் ஒரு மாதமாவது காய்வதற்குக் கிடைக்க வேண்டும். நவம்பரில் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அவசரப்படாதீர்கள். அமோனியம் கலந்த உரங்களைப் பனி உருக்கப் பாவிக்கவே கூடாது. அவை கொங்கிறீட்டை இரசாயன முறையில் அரிக்கும். உள்ளே ஊறி நீரைத் தடுக்கும் சிலேன் அல்லது சிலொக்சேன் வகைச் சீலரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பூசலாம். ஆனால் பிழையான கலவையைச் சீலர் காப்பாற்றாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

'நல்ல கொங்கிறீட்' என்ற வாய்ச்சொல் போதாது. சி-2 கலவை, கொங்கிறீட் தடிப்பு, உடைகல் தடிப்பு, வெட்டுக் கோடுகளின் இடைவெளி, உரிதலுக்கான உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். கலவை லொறியோடு வரும் விநியோகச் சீட்டில் எந்தக் கலவை அனுப்பப்பட்டது என்பது இருக்கும். அதைப் பார்த்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து மேற்பரப்பு உரிந்தால், போட்டவருக்குச் சொந்தக்காரர் உப்புப் போட்டதுதான் காரணமாகத் தெரியும். அப்போது உங்கள் கையில் இருக்கக்கூடிய சாட்சி அந்தச் சீட்டுத்தான்.