பெக்கியின் சுழற்சி

மகளின் முன்கையில் கன்றிக் கறுத்திருந்த ரத்தக்கட்டை முதன்முதலாகப் பார்த்தபோது என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"ஏட்டி, யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கலம்மா. ரைஃபிள். நாலு சுத்துக்குப் போட்டேன், மூணரைல பிடிச்சுட்டேன்."

நாங்கள் அப்போது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குடியிருந்தோம். அவள் பள்ளியின் வாத்தியக் குழுவோடு சேர்ந்த 'கலர் கார்டு' அணியில் இடம் பிடித்திருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான், "அம்மா, நான் வெப்பன் லைனுக்கு செலக்ட் ஆயிட்டேன்" என்று குதித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும் நாட்டில் இருந்துகொண்டு, 'ஆயுத வரிசைக்குத் தேர்வானேன்' என்று சொல்லும் மகளை ஒரு தாய் எப்படிப் பார்ப்பாள்? நிறுத்திவிடு என்றேன். அவள் நிறுத்தவில்லை. அவள் பேசிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனேன். சண்டை போடுவதற்காகத் தேடியதுதான்; தேடத் தேட வேறொரு வரலாறு கிடைத்தது.

முதலில் பொருட்களைச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் என்பது துப்பாக்கி வடிவில் செதுக்கிய மரக்கட்டை. சுடுவதற்கான எந்த உறுப்பும் அதில் இல்லை. தோள்வார் மட்டும் உண்டு. காற்றில் சுழலும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக டேப் சுற்றியிருப்பார்கள். சேபர் என்பது முனை மழுங்கிய உலோக வாள். கொடியின் கம்பு பெரும்பாலும் அலுமினியம், ஆறடி வரை நீளம். அதன் முனைகளில் ரப்பர் குப்பி, உள்ளே எடை சமன் செய்யப் போட்ட இரும்பு போல்ட். கொடித்துணியை 'சில்க்' என்கிறார்கள். பட்டு நூல் ஒன்றுகூட இருக்காது, பாலியஸ்டர்தான். காற்றில் வீசுவது 'டாஸ்'. எத்தனை சுற்று என்பதே அதன் பெயர்: டபுள், டிரிப்பிள், குவாட். நழுவவிட்டால் அது 'டிராப்'. ஆனால் 'டிராப் ஸ்பின்' என்பது நழுவல் அல்ல. நிமிர்ந்து நிற்கும் கொடியின் தலை விழுவதுபோல் கீழே இறங்கி, கை மாறி, வட்டமடித்து மேலே வரும். புதிதாகச் சேரும் பிள்ளை முதல் வாரத்தில் கற்கும் பாடம் அது.

இந்தச் சொற்களோடு 'பிரசென்ட்', 'ரைட் ஷோல்டர்', 'ஆர்டர்', 'போர்ட்' என்று வேறு சிலவும் கலந்திருந்தன. அவற்றைக் கேட்டதும் எனக்குப் பாளையங்கோட்டையில் கல்லூரி மைதானம் ஞாபகம் வந்தது. என்.சி.சி.யின் பெண்கள் பிரிவு 1949இல் தொடங்கியது. எண்பதுகளில் நானும் அதில் ஒருத்தி. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று இந்தியில் கட்டளை வரும். அர்த்தம் கேட்காமலே காலை உதறுவோம். 'சலாமி சஸ்த்ர்' என்றால் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்து மரியாதை செலுத்துவது. எங்கள் கல்லூரி அணிவகுப்பில் துப்பாக்கி ஆண்களுக்கு, பெண்களுக்கு வெறுங்கை. மகள் சொல்லும் 'பிரசென்ட்' அதே சலாமி சஸ்த்ரின் கூடப்பிறந்தது. இரண்டுமே படைமுகாமில் பிறந்தவை.

படைமுகாமில் 'கலர்' என்றால் படைப்பிரிவின் கொடி. புகையும் கூச்சலுமான போர்க்களத்தில் சிப்பாய் தன் பிரிவு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டது அதைப் பார்த்துத்தான். அது எதிரி கையில் சிக்கினால் பெரும் அவமானம். அதைக் காத்து நின்ற வீரர்களே 'கலர் கார்டு'. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள் டிரம், பியூகிள் குழுக்களை வளர்த்துப் போட்டிகள் நடத்தின. தேசியக் கொடி நடுவே வரும், இருபுறமும் ஆயுதம் ஏந்தியவர்கள் காவல் வருவார்கள். தேசியக் கொடியை யாருக்காகவும் தாழ்த்தக் கூடாது என்பதை 1942இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொடி விதிகளில் எழுதி வைத்தது. போட்டிகளிலும் கொடிக்கு மரியாதை தவறினால் தண்டப் புள்ளி.

இதற்குள் பெண்கள் எப்படி வந்தார்கள்? நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல குழுக்களில் பியூகிளும் டிரம்மும் பையன்களுக்கு. பெண்பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவு கொடியின் பக்கம் மட்டும்தான். ஊதுவதும் அடிப்பதும் இசை, கொடி பிடிப்பது அலங்காரம் என்று ஒரு கணக்கு. இன்றைக்கும் பல பள்ளிகளில் கலர் கார்டை 'ஆக்ஸிலரி' என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். துணைப்பிரிவு என்று அர்த்தம். சமையற்கட்டில் நிற்பவளை 'கூடமாட ஒத்தாசை' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கணக்குக்கு அடங்காதவர்களும் இருந்தார்கள். நியூ ஜெர்சியின் ஆடுபன் பான் பான்ஸ், நியூயார்க்கின் ஹிக்ஸ்வில்லில் இருந்த செயின்ட் இக்னேஷியஸ் ஆகியவை முழுக்கப் பெண்களே இருந்த குழுக்கள். பியூகிளும் டிரம்மும் கொடியும் எல்லாம் அவர்களுடையவை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் 9' சட்டம் 1972இல் வந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழு அந்த ஆண்டும், ஒஹாயோ ஸ்டேட் குழு 1973இலும் பெண்களைச் சேர்த்துக்கொண்டன. மேடிசன் ஸ்கவுட்ஸ் என்ற புகழ்பெற்ற ஆண்கள் குழு எல்லாருக்கும் இடம் என்று அறிவிக்க 2019 ஆகிவிட்டது.

இதே எழுபதுகளில் கொடியின் பக்கமும் மாறியது. காவல் நின்றவர்கள் ஆடத் தொடங்கினார்கள். தேசியக் கொடிச் சடங்கு மெல்லப் பின்னால் போனது. வண்ணக் கொடிகளும் ரைஃபிள் வீச்சும் முன்னே வந்தன. பாலேயிலிருந்து 'பிளியே', 'ஷசே' என்ற பிரெஞ்சுச் சொற்கள் படைமுகாம் சொற்களோடு வந்து உட்கார்ந்தன. வாத்தியக் குழுவின் பின்னணி இல்லாமல், உள்ளரங்கில் கார்டு மட்டும் ஆடிப் போட்டியிட 1977இல் 'விண்டர் கார்டு இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு பிறந்தது. நிறுவியவர்களில் ஷெர்லி விட்கோம், மேரி சபின்ஸ்கி ஆகிய பெண்களும் உண்டு. துணைப்பிரிவு தனக்கென்று ஒரு மேடை போட்டுக்கொண்டது.

மகளிடம் ஒருநாள், "எதுக்குட்டி எல்லாமே பட்டாளத்துப் பேரா இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் இல்லம்மா. பெக்கி ஸ்பின்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

கொடியை நெஞ்சுக்கு முன்னால் கை மாற்றிக் கை மாற்றி வேகமாகச் சுழற்றுவது அது. மாசசூசெட்ஸின் ரெவியர் ஊரைச் சேர்ந்த 27வது லான்சர்ஸ் குழுவில் கார்டை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் பெக்கி ட்விக்ஸ். அவர் பெயரால் வந்தது என்றுதான் ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். அவர் யார் என்று தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளையும் "எட்டு பெக்கி" என்று எண்ணிக்கொண்டே சுழற்றுகிறாள். பட்டாளமும் பாலேயும் கொடுத்த சொற்களுக்கு நடுவே, ஆடுகளத்தில் நின்ற ஒரு பெண்ணின் பெயர் வினையாகிவிட்டது. நான் மைதானத்தில் காலை உதறிய அந்த மூன்று வருடத்தில் எங்களில் ஒருத்தியிடமிருந்தும் ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை. பிறக்க இடமில்லை, கட்டளை மேலிருந்து வந்தது, நாங்கள் கீழ்ப்படிந்தோம்.

இதை வெற்றிக்கதையாக முடிக்க எனக்கு மனமில்லை. பெண்பிள்ளைகள் கையில் மரத் துப்பாக்கி இருப்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது. உடம்பைக் கவ்வும் உடை, வலித்தாலும் மாறக் கூடாத முகம், இரண்டையும் அந்த ஆட்டம் கேட்கிறது. கையிலுள்ள ரத்தக்கட்டைப் பெருமையாகக் காட்டும் பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. வலி பொறுப்பதைப் பெண்ணின் சிறப்பாக்கி நம்மை எங்கெங்கே உட்கார வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் குளிர்காலப் போட்டியில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மகள் குவாட் போட்டாள். விரலில் பட்டு ரைஃபிள் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் உள்ளரங்கம் முழுக்கக் கேட்டது. 'பொம்பளப் பிள்ள கையிலேர்ந்து ஒண்ணும் நழுவக் கூடாது' என்று கேட்டு வளர்ந்த எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் ஓடவில்லை, முகம் வாடவில்லை. நடனத்தின் போக்கிலேயே நான்கடி வந்து, குனிந்து எடுத்து, எட்டாவது எண்ணிக்கையில் வரிசையோடு சேர்ந்துகொண்டாள். இதற்கும் அவர்களிடம் ஒரு சொல் உண்டு: 'ரெகவர்'. தினமும் பயிற்சியில் அதையும் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியில், "இனி ரைஃபிள் வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. நாலுக்கும் மூணரைக்கும் கையில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டேன். வீடு வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.