மாலத்தீவு வில்லா ட்ரிப்: பெட்டியில் எதை வைக்கணும், எதை வீட்டிலேயே விட்டுட்டுப் போகணும்?

திருவனந்தபுரத்தில் இருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இந்தியர்களுக்குச் சுற்றுலா அனுமதி அங்கே போய் இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். அதனால் ஹனிமூன், திருமண நாள் என்றாலே இப்போது பலருக்கும் மாலத்தீவுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. புக்கிங் முடிந்ததும் போட்டோவுக்கு என்ன டிரெஸ் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். டிரெஸ் விஷயத்தில் தப்பு நடந்தால் பெரிய நஷ்டம் இல்லை. சிக்கல் வருவது இரண்டு இடங்களில்: மாலே விமான நிலைய சுங்கச் சோதனையில், அடுத்து சீபிளேன் ஏறும் இடத்தில் இருக்கும் எடை இயந்திரத்தில்.

சாமி சிலை எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. எங்கே போனாலும் பெட்டியில் ஒரு குட்டிப் பிள்ளையாரை வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. மாலத்தீவு இஸ்லாமிய நாடு. வழிபாட்டுக்கான சிலைகள் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பெட்டிகளை எக்ஸ்ரேவில் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காரில் ஒட்டும் சிலை, பரிசாகக் கொடுக்க வாங்கிய சிலை என எதுவானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மதுவும் அப்படித்தான். நம்ம ஊர் விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில் சீல் வைத்து வாங்கிய பாட்டிலாக இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். ரிசார்ட்டுகளில் மது கிடைக்கும். மக்கள் வசிக்கும் தீவுகளில் கிடைக்காது. பன்றி இறைச்சி சேர்ந்த உணவுப் பொருட்களுக்கும் தடை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, வேப் எனப்படும் இ-சிகரெட். 2024 நவம்பர் 15 முதல் அதை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை, டிசம்பர் 15 முதல் பயன்படுத்தவும் தடை. சுற்றுலாப் பயணிகளுக்கும் விலக்கு கிடையாது. 2025 நவம்பர் 1 முதல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது: 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புகையிலைப் பொருட்களை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. இதுவும் வெளிநாட்டவருக்குப் பொருந்தும்.

மாத்திரை டப்பா: இங்கேதான் கவனம் தேவை

ஸ்ட்ரிப்பில் இருந்து பிரித்து, காலை, மதியம், இரவு என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு போவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் அது சரிப்படாது. மாத்திரைகள் அவற்றின் ஸ்ட்ரிப்பிலேயே இருக்க வேண்டும், கூடவே டாக்டரின் மருந்துச்சீட்டு இருக்க வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை ஆகியவை போதைப்பொருள் சட்டங்களோடு தொடர்புடையவை. சீட்டு இல்லாமல் எடுத்துப் போனால் பிரச்னை மருந்தோடு முடியாது.

மருந்தை மறந்துவிட்டால் அங்கே வாங்கிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு தனித் தீவு. வெளியே நடந்து போய் மெடிக்கல் ஷாப்பைத் தேட அங்கே தெருவே கிடையாது. சுகர், பிரஷர் மாத்திரைகளை பயண நாட்களைவிட நாலைந்து நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொடி, பாராசிட்டமால், காயத்துக்கு மருந்து, படகில் தலை சுற்றாமல் இருக்க மாத்திரை ஆகியவையும் தேவை. டெங்கு இருக்கும் நாடு என்பதால் கொசு விரட்டும் க்ரீமும் அவசியம்.

20 கிலோ கணக்கு

மாலேவில் இறங்கியதும் ரிசார்ட்டுக்குப் போக மூன்று வழி: ஸ்பீட் போட், உள்நாட்டு விமானம், சீபிளேன். தூரத்துத் தீவு என்றால் பெரும்பாலும் சீபிளேன்தான். பதினைந்து பேர் அளவுக்கு உட்காரும் சின்ன ட்வின் ஆட்டர் விமானம் அது. பைலட்டே செருப்பில்லாமல் வெறுங்காலோடு வந்து உட்காருவார், பயப்பட வேண்டாம், அங்கே அதுதான் வழக்கம்.

இதில் ஒருவருக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. இந்தியாவில் இருந்து வரும் ஏர்லைன் 25, 30 கிலோ அனுமதித்திருந்தாலும் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் டாலரில் பணம் கட்ட வேண்டும். நம் விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோ என்பதால் பலர் மாட்டுவது அந்த 2 கிலோவில்தான். வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சீபிளேன் பகலில் மட்டுமே பறக்கும். மாலைக்குப் பிறகு மாலேவில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க நேரிடும். விமானத்தில் இடம் போதாதபோது பெட்டி அடுத்த ட்ரிப்பில் வருவதும் உண்டு. அதனால் நீச்சல் உடை, ஒரு மாற்றுத்துணி, மாத்திரை, சார்ஜர் நாலும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெட்டிக்குள் வைக்கக் கூடாது. எண்ணெய் ஊறிய ஊறுகாயை நன்றாக சீல் பண்ணி பெட்டியில் போடுங்கள்.

டிரெஸ்... எவ்வளவு?

நினைப்பதில் பாதி போதும். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 25 முதல் 31 டிகிரிக்குள்தான் ஏறி இறங்கும். பருத்தி, லினன் துணிகள் நல்லது. ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் காயவே காயாது. ஹீல்ஸ் வேண்டாம், மரப்பலகை இடுக்கிலும் மணலிலும் சிக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. மழை மாதங்களில் லேசான ரெயின்கோட்டும், போனுக்குத் தண்ணீர் புகாத பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் உடை மாறும். ரிசார்ட் தீவில் நீச்சல் உடையில் தாராளமாக நடமாடலாம். மாஃபுஷி போல மக்கள் வசிக்கும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்திருந்தால், அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே நீச்சல் உடை. தெருவில் தோளும் முழங்காலும் மறையும்படி இருக்க வேண்டும்.

கடலுக்குள் இறங்கும்போது சன்ஸ்க்ரீனைவிட முழுக்கை நீச்சல் மேலாடை பெரிய உதவி. மீன் பார்க்கும் ஆசையில் ஒரு மணி நேரம் குப்புற மிதந்தால், நிலநடுக்கோட்டு வெயிலில் முதுகும் கழுத்தும் வெந்துவிடும். சன்ஸ்க்ரீன் வாங்கினால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள், அவை பவளப்பாறைகளைப் பாதிக்கின்றன. பவளம் காலைக் கிழிக்காமல் இருக்க ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர் ஷூ வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கிடைக்குமா என்று ரிசார்ட்டில் முன்கூட்டியே கேளுங்கள். தண்ணீர் வில்லாவில் படிக்கட்டு நேராகக் கடலில்தான் முடிகிறது.

பிளக், பணம், பேப்பர்

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். ஆனால் சாக்கெட் சதுரக் கால்கள் உள்ள பிரிட்டிஷ் வகை, நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. ஒரு அடாப்டர் போதும்.

ரிசார்ட்டில் கார்டு செல்லும். டிப்ஸுக்கு ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். பசுமை வரி என்று ஒன்று உண்டு: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட், ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் இவற்றோடு 'இமுகா' என்ற ஆன்லைன் படிவமும் கட்டாயம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் ஒருமுறை. இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

திரும்பும்போது பெட்டியில் பவளத் துண்டு, ஆமை ஓட்டில் செய்த பொருள் எதுவும் இருக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகத் தடை. சுங்கத்தில் பாட்டிலைக் கொடுத்திருந்தால் அந்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள், விமான நிலையத்தில் அதைக் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும்.