டயஸ் குடியேற்றமும் ஒரு பாடகரின் வாழ்வும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஆர்க்கன்சா மாகாணத்தின் வடகிழக்குக் கோடியில், மிஸிஸிப்பி நதியின் வெள்ளம் யுகயுகமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலின்மேல் காடும் சதுப்புமாகக் கிடந்த 16,000 ஏக்கர் நிலத்தை, 1934-ஆம் ஆண்டில், வில்லியம் டயஸ் என்ற நிவாரண அதிகாரி அரசாங்கப் பணத்தைக்கொண்டு வாங்கி, பருத்தி விலையின் வீழ்ச்சியாலும் கடனாலும் நிலமிழந்து நின்ற சுமார் 500 குடியானவக் குடும்பங்களை அங்கே குடியேற்ற முனைந்தார். குடும்பத்துக்கு ஒரு வீடு, இருபது ஏக்கருக்குக் குறையாத நிலம், உழவுக்கு ஒரு கோவேறு கழுதை, பாலுக்கு ஒரு பசு. இவற்றின் விலையை விளைச்சலிலிருந்து தவணையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் பொதுக் கடையும், பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரிக்கும் ஜின்னிங் ஆலையும், ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடமும் எழுந்தன. அந்தத் தயாள குணத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. வெள்ளையருக்கு மட்டுமே அங்கே இடம் கிடைத்தது. அதே மாகாணத்தின் பருத்திக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக முதுகொடிந்த கறுப்பின மக்களில் ஒரு குடும்பத்துக்குக்கூட அந்த வாசல் திறக்கவில்லை என்பதை, அக்குடியேற்றத்தின் நன்மைகளைப் பேசும்போது மறைத்துவிடலாகாது. டயஸ் 1936-ஆம் வருஷம் ஜனவரியில் விமான விபத்தில் மாண்டார். ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது.

1935-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இவ்வூருக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ரே கேஷ் என்பவருடைய குடும்பமும் ஒன்று. அப்பொழுது மூன்று வயதுக் குழந்தையாயிருந்த அவருடைய மகன்தான் பிற்காலத்தில் ஜானி கேஷ் என்று உலகறிந்த பாடகர். 2005-இல் 'வாக் தி லைன்' என்ற பெயரில் வெளிவந்த திரைப்படம், போதை, காதல், தெய்வபக்தி ஆகிய மூன்றையும் அவருடைய சரித்திரத்தின் இழைகளாக எடுத்துக்கொண்டது. அம்மூன்றில் பக்தி என்ற இழை திரையில் மிகவும் மெலிந்துபோயிற்று என்பது என் துணிபு. அதற்குக் காரணம், டயஸ் என்ற ஊரைப் படம் ஒரு துக்கம் நிகழ்ந்த இடமாக மட்டும் கண்டு கடந்துபோனதே.

அந்த ஊரில் பாட்டு என்பது பொழுதுபோக்கன்று. ஈரமானால் காலைப் பிடித்துக்கொண்டு விடாத, நம் கரிசலைப் போன்ற கரிய களிமண்ணில், சிறு பிராயத்தில் தண்ணீர் சுமந்தும் பின்பு பருத்தி எடுத்தும் வளர்ந்த அப்பிள்ளைகள், பொழுது சாயும் வேளையில் களைப்பை மறக்கத் தாயார் கேரி தொடங்கிய ஞானப்பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். இரவில் ரேடியோவில் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் தேவாலயத்தில் முழங்கியதும் பெரும்பாலும் அதே பாட்டுக்கள்தாம். 1937-ஆம் வருஷம் ஜனவரியில் வெள்ளம் வந்து குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தியது. வடிந்தபோது அது விட்டுச்சென்ற வண்டலில் அடுத்த விளைச்சல் செழித்தது. அந்த வெள்ளம் இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின் அவருடைய பாட்டொன்றுக்குப் பொருளாயிற்று.

1944-ஆம் வருஷம் மே மாதத்தில், பிரசங்கியாராக வேண்டும் என்று ஆசைப்பட்டு வேதபுத்தகத்தைக் கையைவிட்டுப் பிரியாதிருந்த பதினான்கு வயதுத் தமையன் ஜாக், மூன்று டாலர் கூலிக்காகப் பள்ளிக்கூடத் தொழிற்சாலையில் வேலிக்கால் அறுக்கப் போய், இயந்திர ரம்பத்தில் சிக்கிப் படுகாயமுற்று, ஒரு வாரம் கிடந்து இறந்தான். தம்பி அன்று மீன் பிடிக்கப் போயிருந்தான். அடக்கம் முடிந்த மறுநாளே தாயார் பருத்திக் காட்டில் நின்றார் என்று ஜானி தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். கடனுக்குப் பெற்ற நிலம் துக்கத்துக்குத் தவணை கொடுப்பதில்லை. படம் இந்த மரணத்தை உருக்கமாகக் காட்டுகிறது. ஆனால் தகப்பனார் மகன்மேல் சுமத்திய பழியாகவே அதைக் கொண்டுசெல்கிறது. ஜாக் தம்பிக்கு விட்டுச்சென்றது பழியுணர்ச்சி மட்டுமா? தன்னால் முடியாமற்போன ஊழியத்தின் ஸ்தானத்தையும் அவன் விட்டுச்சென்றான். அந்த ஸ்தானத்தை நிரப்ப வேண்டுமென்ற தாகம் ஜானியை ஆயுள் முழுவதும் விடவில்லை.

ஜெர்மனியில் விமானப்படைச் சேவகத்தை முடித்துக்கொண்டு 1954-இல் மெம்பிஸ் நகரில் வீடு வீடாகச் சாமான் விற்றுத் திரிந்த அவர், லூதர் பெர்க்கின்ஸ், மார்ஷல் கிராண்ட் என்ற இரு மோட்டார் மெக்கானிக்குகளைச் சேர்த்துக்கொண்டு, யூனியன் அவென்யூவிலிருந்த ஸன் ரிக்கார்டு கம்பெனியின் ஸாம் பிலிப்ஸிடம் போய்ப் பாட விரும்பியது ஞானப்பாட்டையே. அது விலைபோகாதென்று பிலிப்ஸ் மறுத்துவிட்டார். 1958-இல் ஜானி கொலம்பியா கம்பெனிக்கு மாறியதற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம். அடுத்த வருஷமே அங்கே ஞானப்பாட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டார்.

இனிப் போதையைப் பற்றி. அதை ஒரு மனிதருடைய பலவீனமாக மட்டும் பார்ப்பது அக்காலத்துக் கண்ட்ரி பாடகர்களின் தொழிலை அறியாதவர் பார்வை. ஒரே காரில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து, பெரிய பாஸ் வாத்தியத்தைக் கூரைமேல் கட்டிக்கொண்டு, ஓரூர்க் கச்சேரி முடிந்ததும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி மறுநாள் மாலை அடுத்த ஊர் மேடையில் நின்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆம்பிட்டமின் மாத்திரைகள், யுத்தம் முடிந்தபின் உடல் இளைக்கவும் சோர்வு நீங்கவும் வைத்தியர் சீட்டிலேயே தாராளமாகக் கிடைத்தன. லாரி ஓட்டிகளும் பாடகர்களும் தூக்கத்தை விரட்ட அவற்றை விழுங்கினார்கள். ஜானி 1957 வாக்கில் தொடங்கினார். 1965-ஆம் வருஷம் அக்டோபரில் எல்பாஸோ நகரில் அவர் பிடிபட்டபோது இருந்தவை அறுநூறுக்கு மேற்பட்ட டெக்ஸிட்ரின் மாத்திரைகளும் 475 ஈக்வனில் மாத்திரைகளும். முன்னது விழிக்க, பின்னது அடங்க. இம்மாத்திரைகளைக் கட்டுப்படுத்தும் கடுமையான மத்திய சட்டம் நிறைவேறியதும் அதே வருஷத்தில்தான்.

காதலைப் படம் அழகாகவே சொல்கிறது. ஆயினும் அதில் ஓர் அநியாயம் உண்டு. படம் தன் தலைப்பாக எடுத்துக்கொண்ட 1956-ஆம் வருஷத்துப் பாட்டு, ஊர் ஊராகச் சுற்றும் கணவர் வீட்டிலிருந்த முதல் மனைவி விவியனுக்குக் கொடுத்த சத்தியம். நான்கு பெண்களைப் பெற்று வளர்த்த அந்த அம்மாளை, கணவருடைய கலையை உணராதவராகவே திரையில் நிறுத்தியிருப்பது எனக்கு வருத்தமாயிருக்கிறது. அதே 1956-இல் நாஷ்வில் நகரத்து ரைமன் மண்டபத்தில் அவர் ஜூன் கார்ட்டரைச் சந்தித்தார். அம்மண்டபம் 1892-இல் சுவிசேஷப் பிரசங்கத்துக்காகக் கட்டப்பட்டது. ஜூனுடைய தாயார் மேபெல், 1927-இல் பிரிஸ்டல் நகரில் ரிக்கார்டு செய்யப்பட்ட கார்ட்டர் குடும்பத்தாரில் ஒருவர். டயஸில் ரேடியோவண்டை உட்கார்ந்து ஜானி கேட்ட குரல்களில் அவர்களுடையவும் உண்டு. 1967-இல் மாத்திரைகளை விட்டுத் தவித்தபோது ஜூனும் அவருடைய பெற்றோரும் கூடவேயிருந்து காத்தார்கள். மறு ஜனவரியில் பால்ஸம் சிறைச்சாலையில் பாடியபோது, அங்கிருந்த கைதியொருவர் சிறைக் கோயிலைப் பற்றிப் புனைந்த பாட்டை முந்தின நாள்தான் கேட்டுக் கற்று, அவர் முன்னிலையிலேயே ஜானி பாடினார். மார்ச் முதல் தேதி ஜூனை மணந்தார்.

படம் 1968-ஆம் வருஷத்தோடு நின்றுவிடுகிறது. வாழ்வு அங்கே நிற்கவில்லை. 1973-இல் கிறிஸ்துவின் சரித்திரத்தை இஸ்ரவேல் நாட்டிலேயே படம்பிடித்து அவர் வெளியிட்டார். மாத்திரைகள் திரும்ப வந்தன. 1983-இல் சிகிச்சைக்காகப் பெட்டி போர்டு நிலையத்தில் சேர நேர்ந்தது. பக்தி அவரை ஒரே நாளில் குணப்படுத்திவிடவில்லை. விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்து திரும்ப ஓரிடத்தைக் கொடுத்தது. 2003-ஆம் வருஷம் மே மாதம் ஜூனும், செப்டம்பரில் அவரும் காலமானார்கள். அடுத்த ஆண்டு தனித்தொகுதியாக வந்தது, தாயாருடைய பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒற்றைக் கித்தாருடன் அவர் பாடி வைத்தது; தாம் செய்த தொகுதிகள் எல்லாவற்றிலும் தமக்கு மிகவும் பிடித்தது அதுவேயென்று அவர் சொல்லியிருந்தார்.