மெட்ராஸ் கட்டத்துணி: பழந்துணியை இனங்காணல்

மெட்ராஸ் கட்டம் என்பது சாயமேற்றிய பருத்தி நூலால் சோழமண்டலக் கரையோரத் தறிகளில் நெய்து, சென்னைத் துறைமுகம் வழியே ஏற்றுமதியான துணி. ஸ்காட்லாந்தின் டார்ட்டனோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டார்ட்டன் பெரும்பாலும் கம்பளி. இரண்டிரண்டு இழை தாண்டிப் போகும் சாய்வரி நெசவு. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சரிவான கோடுகள் தெரியும். மெட்ராஸ் கட்டம் சாதா நெசவு. அதே இடத்தில் பொடிப்புள்ளிகள்தான் தெரியும். ஸ்காட்லாந்துச் சிப்பாய்களைப் பார்த்து நம் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றார்கள் என்பது பிற்காலக் கதை. கண்டாங்கிச் சேலை நெய்த கைகளுக்குக் கட்டம் புதிதல்ல. சிப்பாய்களால் கூடியவை சில நிறச்சேர்க்கைகளே.

‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற வணிகப் பெயரில் போனது 36 அங்குலச் சதுரம். எட்டுச் சதுரம் சேர்ந்த 8 கெஜம் ஒரு பீஸ். நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை ‘இன்ஜிரி’ என்றார்கள். மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டானது.

ஒரு பழந்துணியின் காலத்தைச் சொல்வதில் சாயமே முதல் சாட்சி. நீலம் அவுரி, மஞ்சள் விரலிமஞ்சள், சிவப்பு சாயவேர். இம்பூறல் என்றும் பெயருள்ள சாயவேர், இராமேசுவரம் போன்ற கடலோர மணற்பாங்கில் விளைவது. நூலை எண்ணெயில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, வேர்ச்சாற்றில் காய்ச்சுவார்கள். அப்படி ஊன்றிய சிவப்பு எளிதில் ஓடாது. 1950களின் பிற்பகுதியில் சாயம் ஓடுவதையே சிறப்பாகச் சொல்லி அமெரிக்காவில் ‘பிளீடிங் மெட்ராஸ்’ விற்றார்கள். அதனால் சாயம் ஓடினால்தான் பழந்துணி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அது தவறு. மாவ் என்னும் ஊதாச் சாயம் 1856-லும், செயற்கை அலிசரின் 1868-லும் கண்டறியப்பட்டன. செயற்கை அவுரி 1897-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு துணியில் இவற்றில் ஒன்று உறுதிப்பட்டால், அது அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. சாயவேரிலும் அலிசரின் உண்டு என்பதால் சிவப்பைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வேரில் உடன் இருக்கும் மற்றச் சாயப்பொருள்களை ஆய்வகத்தில் வண்ணப்பிரிகை (குரோமட்டோகிராஃபி) முறையில்தான் காண வேண்டும்.

அடுத்தது நெசவு. பாவையும் ஊடையையும் உருப்பெருக்கி வைத்து அங்குலத்துக்கு இத்தனை இழை என்று எண்ண வேண்டும். கரையோரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் தெரிந்தால், அவை துணி சுருங்காமல் அகலத்தை இழுத்துப் பிடித்த கோலின் முட்கள் குத்தியவை. பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி. உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் மணந்து சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகி முத்தாகத் திரளும். ஒப்பிட்டுப் பார்க்க 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் தொகுத்த 18 துணி மாதிரித் தொகுதிகள் உள்ளன. 700 துணி மாதிரிகளைக் கொண்ட இத்தொகுப்பில் 20 படிகள் செய்து, 7 படிகளை இந்தியாவுக்கு ஒதுக்கினார்கள்.

  

வீட்டுப் பெட்டியில் இத்தகைய துணி கிடைத்தால் அதைச் சலவைத்தூளில் ஊறவைக்க வேண்டாம். இஸ்திரி போடவும் வேண்டாம். கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் கழுவிப் போய்விட்டால், ஆய்வுக்குப் பாதித் தடயம் போனதுபோல்தான்.